ஏழாவது கட்டத்துக்குச் சாட்சி

அவளைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே ஊர்கள்தான். ஐம்பது ஊர், அறுபது ஊர். டிவித் திரையில் நொடிக்கு ஐம்பது தடவை படம் வரைகிற நாடுகளெல்லாம் ஒன்று, அறுபது தடவை வரைகிற நாடுகளெல்லாம் இன்னொன்று. மற்றபடி கொடி, மொழி, எல்லைக்கோடு எதுவும் அவள் ரிப்பேர் மேஜைக்கு வந்ததில்லை.

அறுபது ஊரில் பத்து வருஷம் மூட்டை சுமந்துவிட்டு வந்தவர், அங்கே எடுத்த மகளின் பிறந்தநாள் கேசட்டைக் கொண்டுவருவார். இந்த ஊர் வீடியோ டெக்கில் போட்டால் மகள் கறுப்பு வெள்ளையாகி, மேலேயிருந்து கீழே உருண்டுகொண்டே இருப்பாள். "கேசட் கெட்டுப்போச்சாம்மா?" என்று முகம் செத்துப்போய்க் கேட்பார். "கேசட்டுக்கு ஒரு கேடும் இல்ல. ஊரு மாறிப்போச்சு, அவ்வளவுதான்" என்று சொல்லி, எந்த ஊர்க் கேசட்டையும் தின்கிற தன்னுடைய பழைய டெக்கில் போட்டுக் காட்டுவாள். நிறம் வரும். உருள்வது நிற்கும். சிலர் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டுப் போவார்கள். அவள் அதற்குள் அடுத்த பெட்டியைத் திறந்திருப்பாள்.

திறப்பது அவளுக்குப் பிறவிக் குணம். எட்டு வயதில் வீட்டு இஸ்திரிப்பெட்டியைத் திறந்து, மூடத் தெரியாமல் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்தாள். அன்றைக்கு அண்ணன் வைத்த பெயர் திருப்புளி. நாற்பது வயதிலும் அதுவே நிலைத்துவிட்டது. கடைக்கு வருகிறவர்கள்கூட "திருப்புளியக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள்.

கேசட்டைவிட இப்போது பழைய வீடியோ கேம் பெட்டிகள்தான் அதிகம் வருகின்றன. அதிலும் அதே ஐம்பது, அறுபது தகராறு. கேமைச் செய்தவன் அறுபது ஊர்க்காரன். ஐம்பது ஊருக்கு அனுப்பும்போது அவன் மெனக்கெட்டு வேகத்தைச் சரிசெய்யவில்லை. அப்படியே அனுப்பிவிட்டான். அதனால் இங்கே எல்லாம் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். ஆள் மெதுவாக ஓடுவான், பாட்டு இழுத்து இழுத்துப் பாடும், படத்துக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். அதோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு அது மெதுவென்றே தெரியாது. அதுதான் வேகம் என்று நினைத்தார்கள். இப்போது தெரிந்துபோய், நரைத்த தலையோடு வந்து நிற்கிறார்கள்.

"இத்தனை வருஷமா நம்மளை ஏமாத்தியிருக்கானுங்க பாருங்க" என்பார் அடிக்கடி வரும் தாடிக்காரர். அவரிடம் மட்டும் பதினோரு பெட்டிகள் இருந்தன. "முழு வேகத்துக்கு மாத்திக் குடுங்க திருப்புளி."

பெட்டிக்குள் ஒரு சில்லு. அதன் கால்களில் ஒன்றைச் சர்க்யூட் பலகையிலிருந்து தூக்கி, ஒரு மெல்லிய கம்பியால் ஐந்து வோல்ட்டில் கட்டினால் அறுபது. திரை நிறையும், ஆள் பறப்பான், தாடிக்காரர் குழந்தை மாதிரிச் சிரிப்பார். இந்த வேலையில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. அந்தக் கர்வம் அவளுக்கு உண்டு. கர்வம்தான் காலை வாரிவிட்டது.

அண்ணன் தகரம் வெட்டுகிற பட்டறையில் பிரஸ் ஓட்டினான். இருபத்திரண்டு வருஷம். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவனுடைய வலது கையின் ஆள்காட்டி விரல் முழுசாகப் போனது. கட்டை விரல் முதல் கணுவோடு போனது. தவறு மெஷின்மேலா ஆள்மேலா என்று பட்டறையில் ஒரு வாரம் பேசினார்கள். பிறகு வேறு ஆளை நிறுத்தி மெஷினை ஓட்டினார்கள்.

புண் ஆறியது. கை ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி கொடுக்கிற அம்மா கறாரான ஆள். அவனுடைய கையை மேஜைமேல் வைத்து, குட்டையாகிப்போன கட்டை விரலை ஒரு பேனாவால் தட்டிச் சொன்னார்: "கட்டை விரல்தான் கை. மத்ததெல்லாம் அதுக்கு எடுபிடி. இது அழுத்தணும், நகரணும், நோகணும். மூணு மாசம் டயம். விட்டீங்கன்னா இறுகிடும். அப்புறம் நீங்களே வந்து கெஞ்சினாலும் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அழுத்திப் பழக ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். அது வீட்டு ஃபிரிட்ஜின் தலையில் தூசி தின்றுகொண்டிருந்தது. அண்ணன் வலது கையைத் துண்டுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டான். வியாழக்கிழமை தோறும் ஆஸ்பத்திரிக்குப் போய், "தினம் ரெண்டு வேளை பண்றேம்மா" என்று பொய் சொல்லிவிட்டு வந்தான்.

"நீயாவது சொல்லேன்" என்று அண்ணி கடைக்கே வந்து நின்றாள். துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிற கால், உட்கார இடம் கிடைத்தும் உட்கார மறந்து நின்றது. "ரெண்டு மாசம் ஓடிப்போச்சு. நான் சொன்னா பந்தை எடுத்து ஜன்னல் வழியா வீசறார். மூணு தடவை தெருவுல போய்ப் பொறுக்கிட்டு வந்தேன். நாய்கூட ஒரு தடவைதான் பொறுக்கும்."

திருப்புளி யோசித்தாள். அந்தக் கட்டை விரல் உலகத்திலேயே விரும்பி அழுத்தியது எது என்று யோசித்தாள். மறுநாள் அண்ணன் வீட்டுப் பரணில் ஏறி, சிறு வயதில் இருவரும் ஆடிய கேம் பெட்டியை இறக்கிக்கொண்டு வந்தாள்.

நான்கு மத்தியானம் அதற்கே கொடுத்தாள். வந்த வேலையெல்லாம் ஓரமாக நின்றது. ஒழுகிப்போன கெபாசிட்டர்களை மாற்றினாள். பொத்தான்களுக்குக் கீழே உள்ள ரப்பரைக் கழுவி உலர்த்தினாள். கடைசியில், தாடிக்காரருக்குச் செய்வதைவிட நேர்த்தியாக அந்தச் சில்லின் காலைத் தூக்கி, கம்பி கட்டி, முழு வேகத்தில் விட்டாள். அண்ணனுக்கு இல்லாத சிறப்பா.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி அவனைத் தள்ளிக்கொண்டு வந்து கடையில் விட்டாள். பெட்டியைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஏதோ ஒன்று இளகியது.

"இன்னுமா உயிரோட இருக்கு?"

"உன்னைவிட நல்லாவே இருக்கு. உட்காரு."

நீல ஆள் அவன். சிவப்பு ஆள் அவள். எப்போதும் அப்படித்தான். அவன் துண்டை எடுத்து மடியில் வைத்தான். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவள் அந்தக் கையை வெளிச்சத்தில் பார்த்தாள். பார்க்காத மாதிரி திரையைப் பார்த்தாள்.

முதல் பள்ளத்திலேயே நீல ஆள் விழுந்தான். மறுபடி வந்தான், மறுபடி விழுந்தான். ஒவ்வொரு தடவையும் குதிப்பதற்குள் தரை முடிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு நான்காவது கட்டம்வரை போகிறவன் இவன். பள்ளிக்கூடத்தில் பந்தயம் கட்டிக் காட்டியிருக்கிறான். ஏழெட்டு தடவை விழுந்த பிறகு அவன் கையிலிருந்த பொத்தான் பலகையை மேஜைமேல் வைத்தான். மெதுவாக, ஓசையில்லாமல் வைத்தான். தூக்கி எறிந்திருந்தால்கூட அவளுக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

"பட்டறை விரலைத்தான் எடுத்துச்சுன்னு நினைச்சேன்" என்றான். "மிச்சமும் செத்துப்போச்சு போல."

"முதல் நாள்தானேண்ணா. பழகணும்."

"பழகினதுதானே திருப்புளி இது. இதுக்கு மேல என்ன பழகறது." கையைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

அன்றைக்கு அவளும் இரண்டு மூன்று தடவை அதே பள்ளத்தில் விழுந்திருந்தாள். ஆனால் அவள் எப்போதுமே விழுகிற கழுதை என்பதால் அது மனத்தில் ஏறவில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு டெக் ரிப்பேருக்கு வந்தது. நாடாவைச் சுற்றுகிற பெல்ட் நைந்திருந்தது. மாற்றிவிட்டு, வழக்கம்போல் சோதனைக் கேசட்டைப் போட்டாள்.

சோதனைக் கேசட் என்று அவள் வைத்திருந்தது ஒரு பழைய வீட்டுக் கேசட். ரிப்பேர் செய்த டெக் நாடாவைக் கடித்துத் துப்பினாலும் துக்கமில்லாத கேசட் ஒன்று இந்தத் தொழிலில் எல்லோரிடமும் இருக்கும். இதில் முதல் ஒரு நிமிஷம் பளிச்சென்ற நீலமும் சிவப்பும் அசையாமல் நிற்கும். டெக்கின் தலை சுத்தமா என்று பார்க்க அது போதும். பதினைந்து வருஷமாக அந்த ஒரு நிமிஷத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நீலமும் சிவப்பும் ஒரு கேமின் முகப்பு என்பதோ, கேசட்டின் முதுகில் அண்ணனின் பன்னிரண்டு வயதுக் கையெழுத்தில் 'ஏழாவது கட்டம் தாண்டியது. அழிக்காதே' என்று எழுதியிருப்பதோ அவள் கண்ணுக்குத் தெரியாமலே போய் எத்தனையோ காலம் ஆயிற்று.

அன்றைக்குக் கையில் கிரீஸ். நிறுத்தும் முன் கை கழுவப் போனாள். குழாயடியில் நிற்கும்போது பின்னால் முகப்பு முடிந்து கேம் தொடங்கிப் பாட்டு வந்தது.

அவள் குழாயை மூடினாள். முழு வேகத்தில் சோதித்துச் சோதித்துக் காதில் ஏறியிருந்த அதே பாட்டு. ஆனால் இது அவசரப்படாமல் வந்தது. வேலை முடிந்து வீட்டுக்கு நடக்கிறவன் சீட்டியடிக்கிற மாதிரி வந்தது.

ஈரக் கையோடு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். பாட்டு ஒரு சுற்று முடிந்து மறுபடி தொடங்க முப்பத்தாறு நொடி. அண்ணனின் பெட்டியைப் போட்டு எண்ணினாள். முப்பது.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணனின் கை செத்துப்போகவில்லை. அது முப்பது வருஷத்துக்கு முன்னால் பழகிய அதே நேரத்துக்குத்தான் அழுத்தியிருந்தது. பள்ளம்தான் சீக்கிரமாக வந்துவிட்டது. பள்ளத்தைச் சீக்கிரமாக வரவைத்தது யார்? ஊருக்கெல்லாம் ஐம்பதையும் அறுபதையும் பிரித்துச் சொல்கிற மகராசிதான். வேறு எந்தத் தங்கச்சிக்கும் இந்தத் தப்பைச் செய்யத் தெரிந்திருக்காது. பரணிலிருந்து எடுத்துத் தூசி தட்டி அப்படியே கொடுத்திருப்பாள்.

கம்பியை ஐந்து வோல்ட்டிலிருந்து எடுத்து எர்த்தில் ஒட்டவைத்தாள். பெட்டி மறுபடி ஐம்பது ஊருக்கு வந்தது. ஒரு சொட்டு ஈயம். நான்கு நிமிஷ வேலை.

கேசட் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தக் கேசட்டுக்கு ஒரு கதை உண்டு. அப்பா கூட்ஸ் ஷெட்டில் இரவு மூட்டை இறக்கினார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு வீட்டுக்கு வருவார், பிள்ளைகள் வரும்போது தூங்கிக்கொண்டிருப்பார். ஏழாவது கட்டத்தைத் தாண்டிவிட்டோம் என்று அண்ணன் சீட்டு எழுதி வைத்தான். அப்பா அதே சீட்டின் பின்பக்கம், 'புளுகு. சாட்சி எங்கே?' என்று எழுதி வைத்தார். அதனால் பக்கத்து வீட்டு டெக்கை இரவல் வாங்கி, ஆட்டத்தையே பதிவு செய்தார்கள். அப்பா காலைச் சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டு முழுசையும் பார்த்தாராம். கை காயும்வரை பார்த்தார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அப்பாவும் போய், அம்மாவும் போய், சாட்சி மட்டும் டெக் சோதிக்க உதவிக்கொண்டிருந்தது.

அவள் முதல் தடவையாக அந்த நிமிஷத்துக்கு அப்புறம் பார்த்தாள். நீல ஆள் பள்ளங்களை அநாயாசமாகத் தாண்டி ஓடினான். சிவப்பு ஆள் பின்னால் தட்டுத் தடுமாறி வந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அப்பால் நீல ஆள் நின்றான். சிவப்பு விளிம்பிலேயே தயங்கி நின்றால் நீலம் மறுபடி பள்ளத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தான். சிவப்புக்குப் பக்கத்தில் நின்று சும்மா இரண்டு தடவை குதித்தான். இப்படிக் குதி என்று காட்டுகிற மாதிரி. பிறகு தாண்டினான். சிவப்பும் தாண்டியது. இது இரண்டு மூன்று தடவை இல்லை. கட்டம் முழுக்க.

மறுநாள் காலை அண்ணனுக்குப் போன் போட்டாள். விளையாடக் கூப்பிட்டால் வரமாட்டான்.

"பெரிய டிவி ஒண்ணை மேஜைமேல ஏத்தணும். அம்பது கிலோ இருக்கும். ஆள் இல்ல."

"என்னைப் போய்க் கூப்பிடறியே. எனக்குக் கை எங்க இருக்கு?"

"முழங்கை இருக்குல்ல. வா."

வந்தான். பாரம் என்று சொன்னால் வராமல் இருக்கத் தெரியாத உடம்பு அது. இரண்டு முன்கைகளையும் டிவிக்கு அடியில் கொடுத்து, மூச்சைப் பிடித்து, மேஜைமேல் இருந்த இன்னொரு டிவிக்குப் பக்கத்தில் ஏற்றிவிட்டான். துண்டு கீழே கிடந்தது. அவள் அதை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"ரெண்டு டிவி எதுக்கு?"

"ஒரு பள்ளம் தாண்டிக் காட்டு. சொல்றேன்."

"திருப்புளி, அதான் அன்னிக்கே—"

"ஒரு பள்ளம்ணா. ஒண்ணே ஒண்ணு."

தங்கச்சியோடு வழக்காடுவதைவிட விழுந்து காட்டுவது சுலபம் என்று நினைத்திருப்பான். பலகையை எடுத்தான். நீல ஆள் ஓடினான். விளிம்பு வந்தது. குட்டைக் கட்டை விரல் அழுத்தியது. நீல ஆள் தாண்டிவிட்டான்.

அவன் திரையைப் பார்த்தான். மேலும் கீழும் இருந்த கறுப்புப் பட்டையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அந்தப் பார்வை அவள் எதிர்பார்த்த பார்வை இல்லை.

"மெதுவாக்கிட்ட."

"அண்ணா, கேளு—"

"நொண்டிக்குன்னு மெதுவாக்கிட்ட. இல்ல? குழந்தைப் பிள்ளைக்கு விட்டுக்குடுத்து ஆடற மாதிரி." குரல் உயரவே இல்லை. "ஆஸ்பத்திரில அந்தம்மா கண்ணுல இல்லாத இரக்கம் உன் கண்ணுல இருக்கு. துண்டைக் குடு, நான் கிளம்பறேன்."

"குடுக்கிறேன். ரெண்டு நிமிஷம் உட்காரு. அப்பா இருந்தா சாட்சி கேட்பாரா இல்லையா?"

அப்பா பேர் அடிபட்டதும் உட்கார்ந்தான். அவள் கேசட்டின் முதுகை அவனிடம் காட்டினாள். அவன் தன் கையெழுத்தை எழுத்துக் கூட்டிப் படித்தான். அவள் கேசட்டை டெக்கில் போட்டு, கேம் தொடங்கும் இடத்தில் நிறுத்தினாள். பக்கத்து டிவியில் பெட்டியையும் அதே இடத்தில் நிறுத்தினாள். ஒரு கையில் டெக்கின் பொத்தான், இன்னொரு கையில் பெட்டியின் பொத்தான். இரண்டையும் ஒன்றாக அழுத்தினாள்.

இரண்டு டிவியிலும் பாட்டு தொடங்கியது. ஒன்றாகவே போயிற்று. ஒரு சுற்று முடிந்தது, இரண்டாம் சுற்று முடிந்தது, ஒன்று மற்றொன்றை முந்தவில்லை. இரண்டு பேர் கைகோத்து நடக்கிற மாதிரி போயிற்று.

"வலது பக்கத்து டிவி நீ பன்னிரண்டு வயசுல ஆடினது" என்றாள். "அப்ப உனக்கு யாரும் இரக்கப்படலையே? இதுதான் நம்ம வேகம். அன்னிக்கு நான் குடுத்ததுதான் வேற ஊர் வேகம். நான்தான் மாத்தினேன். பெருசா செய்யறேன்னு நினைச்சுச் செஞ்சேன். உன் கை தப்பு பண்ணலைண்ணா. நான் பண்ணினேன்."

அவன் கண்ணை மூடிக்கொண்டு பாட்டைக் கேட்டான். துண்டைத் திருப்பிக் கேட்கவில்லை. கேசட்டில் நீல ஆள் பள்ளத்துக்கு அப்பால் நின்றுகொண்டிருந்தான்.

"பாரு. எனக்காக நிக்கறே."

அவன் கண்ணைத் திறந்தான். "நீ வரலைன்னா திரை நகராது, லூசு. அதான் நின்னேன்."

அது உண்மைதான். பின்னால் நிற்பவர் வராமல் அந்தக் கேமில் திரை நகராது. திருப்புளிக்கும் தெரியும். ஆனால் அப்போது நீல ஆள் பள்ளத்தைத் தாண்டித் திரும்பி வந்து, சிவப்புக்குப் பக்கத்தில் இரண்டு தடவை குதித்தான்.

"திரும்பி வந்தாத்தான் திரை நகருமோ?" என்றாள்.

அவன் பலகையை எடுத்துத் தொடைமேல் சாய்த்து வைத்தான். கட்டை விரலின் முனை பொத்தானுக்குச் சரியாக எட்டவில்லை. கையைக் கொஞ்சம் திருப்பி, விரலடியால் அழுத்திப் பார்த்தான். தழும்பில் பட்டதும் முகம் சுளித்தான். மறுபடி திருப்பினான்.

"வலிக்குதா?"

"பின்ன இனிக்குமா?"

"நிறுத்தவா?"

"நிறுத்தச் சொன்னேனா? உன் ஆளை எடு."

முதல் கட்டத்தில் ஆறு தடவை செத்தார்கள். நான்கு அவள் கணக்கு. இரண்டாம் கட்டத்தில் அவன் விரல் சோர்ந்து ஒரு பள்ளத்தில் மூன்று தடவை விழுந்தான். கையை உதறினான், நெட்டி முறிக்க விரல் இல்லாத இடத்தை மறந்து தடவினான், மறுபடி பிடித்தான். சாப்பாட்டு நேரத்தில் அண்ணி தூக்குப்பாத்திரத்தோடு வந்து வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. புருஷனின் வலது கை வெளியே இருப்பதை முதலில் பார்த்தாள். பிறகு அது செய்துகொண்டிருக்கிற வேலையைப் பார்த்தாள்.

"பந்து பயிற்சி பண்ணியாச்சா?" என்று கேட்டாள்.

"பண்ணிட்டுத்தானே இருக்கேன்" என்றான் திரும்பாமல்.

"நாளைக்கு வியாழக்கிழமை. அந்தம்மாகிட்டயும் இதையே சொல்லுங்க, நம்புவாங்க. ஏற்கெனவே சொன்ன பொய்யெல்லாம் அங்க வரிசையா நிக்குது."

அவன் யோசித்தான். "திருப்புளி, அந்தக் கேசட்ல பின்னாடி இடம் இருக்குமா?"

"பாதிக்கு மேல காலி."

"முன்னாடி இருக்கிறது அழியாம, பின்னாடி ரெக்கார்ட் போட முடியுமா?"

"என்கிட்டயா கேட்கற?"

நாடாவை ஓட்டி, ஏழாவது கட்டம் முடிந்து திரை வெறும் நீலமாகிற இடத்தைத் தாண்டி நிறுத்தினாள். ரெக்கார்ட் பொத்தானை அழுத்தியதும் டெக் கேசட்டை வெளியே துப்பியது. எடுத்துப் பார்த்தாள். யாரும் மேலே பதிந்து அழித்துவிடக் கூடாது என்று ஓரத்தில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பல்லை அவன் அன்றைக்கே உடைத்து எறிந்திருந்தான். 'அழிக்காதே' என்று எழுதியது போதாது என்று. அந்த ஓட்டையின்மேல் செல்லோ டேப் ஒட்டினால் டெக் மறுபடி சம்மதிக்கும்.

"அதைக் கொஞ்சம் பிடி" என்று கேசட்டை நீட்டினாள். அவன் இடது கையில் பலகை இருந்தது. ஒரு கணம் பார்த்துவிட்டு வலது கையை நீட்டினான். நடுவிரலுக்கும் அந்தக் குட்டை விரலுக்கும் நடுவில் கேசட் லேசாக ஆடியது. அவள் டேப்பை ஒட்டி விரலால் தேய்த்து முடிக்கும்வரை அவன் அதைக் கீழே விடவில்லை.

சிவப்பு விளக்கு எரிந்தது.

"ரெக்கார்ட் ஆகுது" என்றான். "அந்தம்மா பார்ப்பாங்க. மானத்தை வாங்காத. முதல் பள்ளத்துல விழாத."

"நான் எங்க விழுந்தேன்?"

விழுந்தாள். அண்ணி வாசலில் நின்றபடியே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிவப்பு ஆள் மறுபடி தொடக்கத்திலிருந்து ஓடிவந்து விளிம்பில் தயங்கி நின்றது. பள்ளத்துக்கு அப்பால் நின்ற நீல ஆள் திரும்பித் தாண்டி இந்தப் பக்கம் வந்தான்.

"விரல் நோகுதுடி. ரெண்டு தடவைதான் காட்டுவேன். ஒழுங்கா பாரு" என்றான் அண்ணன்.